அவர்கள் கேட்டது தபால் கந்தோர் அல்ல

ஹேவாஹெட்ட பக்கத்தில் ஒரு விளையாட்டு மைதானம். காலையில் பெய்த மழை விட்டிருந்தாலும் மேடைக்கு மேல் போட்டிருந்த தகரத்திலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. எனக்கு ஒதுக்கிய இடம் சரியாக ஒரு சொட்டுக்குக் கீழே இருந்தது. வலது தோள் முழுவதும் நனைந்துவிட்டது. நகரவும் முடியாது, மைக்கின் வயர் அவ்வளவுதான் நீளம்.

தேர்தல் காலம். வேட்பாளர் சிங்களத்தில் இரண்டு வாக்கியம் பேசுவார், நிறுத்துவார். அதை நான் தமிழில் சொல்வேன். கூட்டத்தில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள் என்பதால் கைதட்டு என் தமிழுக்குப் பிறகுதான் விழும். அவர் அதைத் தன் பேச்சுக்கு விழுந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவார். அவர் முன்பு பாடசாலை அதிபராக இருந்தவர். கூட்டத்தைப் பார்த்துப் பேசும்போது சுட்டுவிரல் தானாக உயரும்.

"இந்த மக்களின் கவலை எனக்குத் தெரியும்" என்று அவர் சொன்னார். நான் தமிழுக்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் மைதானத்தின் பின்பக்கம் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

நாற்பது பேர் இருக்கும். கோஷம் போடவில்லை, பதாகை பிடிக்கவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கடித உறை. சில உறைகள் புதியவை, சில மஞ்சளித்துப்போனவை. அவற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பேசாமல் நின்றார்கள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அதிபர் ஐயா என் பக்கம் சாய்ந்து, "மொகத கியன்னே?" என்றார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். அவர்கள் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் மட்டும் சேற்றில் கால் வைத்து முன்னால் வந்தாள். மேடைக்குக் கீழே நின்று நிமிர்ந்து பேசினாள். அவளுக்கு மைக் இல்லை. முன்வரிசைக்கும் எனக்கும்தான் கேட்டிருக்கும்.

"ஐயா, எங்களுக்கு விலாசம் இல்லீங்க. கடுதாசி எல்லாம் தோட்டக் கந்தோருக்குப் போவுது. அங்க கெடந்து கெடந்துதான் எங்க கைக்கு வருது. எம்மகளுக்கு வந்த இன்டர்வியூ கடுதாசி, இன்டர்வியூ முடிஞ்சு பதினோரு நாள் கழிச்சு வந்துச்சு. ஓட்டுக் கேக்க வர்றப்ப எங்க லயம் எங்க இருக்குன்னு உங்க ஆளுங்களுக்குத் தெரியுது. மத்த நாள்ல எங்களுக்கு ஒரு எடமே இல்ல. வீட்டுக்கு ஒரு நம்பர், ரோட்டுக்கு ஒரு பேரு. குடுப்பீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மேடையின் ஓரத்திலிருந்து மூன்று வாட்டசாட்டமான ஆட்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். அதிபர் ஐயாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இறுகிப் போயிருந்தது. நான் அவசரமாகச் சிங்களத்தில் சொன்னேன்: "இங்கே கடிதங்கள் கொஞ்சம் தாமதமாகின்றனவாம். ஒரு தபால் கந்தோர் இருந்தால் நல்லது என்கிறார்கள். ஐயா வெல்ல வேண்டும் என்று வாழ்த்தவும் செய்கிறார்கள்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தபால் கந்தோர்தானே? தந்தேன்!" என்றார். பட்டாசு வெடித்தது. அவர் "தந்தேன்" என்றதையும் நான் தமிழில் சொன்னேன். கைதட்டு விழுந்தது.

பின்னால் நின்ற பெண்கள் கைதட்டவில்லை. ஸ்வெட்டர் போட்டவள் வேட்பாளரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சத்தியம் இல்லாத மேடை

கண்டியில் நீதிமன்றத்துக்குப் போகும் சரிவில் எனக்கு ஒரு மேசை இருப்பதைப் பற்றி இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்து மனு என்று எல்லாவற்றையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றிக் கொடுப்பவள் நான். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்று இறப்பர் முத்திரையும் உண்டு. மாத்தளையிலிருந்து ஒரு வாசகி, "அப்படிப்பட்டவர் அரசியல் மேடையில் எப்படி ஏறினீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி.

நான் ஹேவாஹெட்ட பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்துக்குக் கீழே கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடையில் குளித்துத் திரிந்ததில் சிங்களம் வந்துவிட்டது. எழுத்தைப் பிறகு பாடசாலையில் கற்றேன். கண்டியில் இந்த இரண்டு மொழியும் சரளமாக வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மழையில் நின்று மூன்று மணித்தியாலம் கத்தத் தயாரானவர்கள்தான் குறைவு. அதனால் தேர்தல் வந்தால் இரண்டு பக்கமும் என்னைத்தான் தேடும். ஒரே கிழமையில் எதிரெதிர்க் கட்சிகளின் மேடைகளில் நின்றிருக்கிறேன்.

என் கணவர் நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார். "ரெண்டு பக்கத்து வாக்குறுதியும் உனக்கு மனப்பாடம். நீ யாருக்குத்தான் போடுவ?" என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்பார். நான் சொன்னதில்லை.

நீதிமன்ற வேலையில் ஒரு சொல்லை மாற்றினால் என் முத்திரை போய்விடும். மேடைக்கு அப்படி எந்தச் சத்தியமும் இல்லை. அதனால் சின்னச் சின்னத் திருத்தங்கள் கைவந்துவிட்டன. ஒருவர் ஆடி மாதத்தில் வந்து எங்களுக்குப் பொங்கல் வாழ்த்துச் சொன்னார். நான் அதை ஆடித் திருவிழா வாழ்த்தாக்கிவிட்டேன். இன்னொருவர், "நீங்கள் எங்கள் விருந்தாளிகள்" என்றார். இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறவர்களைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? "நீங்கள் எங்கள் சகோதரர்கள்" என்று மாற்றினேன். கூட்டம் கலையாமல் இருக்க இது ஒரு நல்ல காரியம் என்றுகூட நினைத்திருந்தேன்.

ஆனால் அதுவரை நான் திருத்தியதெல்லாம் மேடையில் இருந்தவர்களின் பேச்சை. கீழே நின்றவர்களின் பேச்சில் கை வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மூன்று ராஜேந்திரன்கள்

விலாசம் இல்லாமல் இருப்பது என்றால் என்னவென்று தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்குவது கடினம். பெயர், டிவிஷன், தோட்டம், ஊர். அவ்வளவுதான் எழுதுவோம். தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிஷனில், லயம் என்கிற வரிசை வீடுகளில் நூறு குடும்பம் இருந்தாலும் இதே வரிதான்.

எங்கள் டிவிஷனில் மூன்று ராஜேந்திரன்கள் இருந்தார்கள். கடிதங்கள் தோட்ட அலுவலகமான கந்தோரின் ஜன்னலோரத்தில் கிடக்கும். கிளாக்கர் ஐயாவுக்கு நேரம் கிடைக்கும்போது, அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். ஒருமுறை இளைய ராஜேந்திரனுக்குப் பெண் வீட்டாரிடமிருந்து சாதகத்தோடு வந்த கடிதம் அறுபது வயது ராஜேந்திரனிடம் போய்விட்டது. அவர் அதை இரண்டு கிழமை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லயத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பிறகு, "எனக்குச் சம்மதம், ஏற்கெனவே நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று பதிலும் எழுதிப் போட்டார். நாங்கள் சிரித்து மாளவில்லை.

விடயம் தெரிந்து இளைய ராஜேந்திரன் அந்த ஊருக்குப் போனபோது, பெண் வீட்டார் கேலி செய்துவிட்டார்கள் என்று கோபித்து அந்தப் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துவிட்டிருந்தார்கள். அவன் கொஞ்ச நாளில் கொழும்புக்குப் போனான். இன்றைக்கும் அந்தக் கதையைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எல்லாம் வெளங்குச்சு"

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள், நீதிமன்றச் சரிவில் என் மேசைக்கு முன்னால் அந்தப் பழுப்பு ஸ்வெட்டர் வந்து நின்றது. ஏதோ பத்திரம் மாற்ற வந்தவள்போலக் கதிரையில் உட்கார்ந்தாள். பெயர் கிருஷ்ணவேணி என்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல் நுனிகள்.

"மிஸ், நாங்க தபால் கந்தோர் கேக்கல" என்றாள்.

கையிலிருந்த முத்திரையை மேசையில் வைத்தேன். "உங்களுக்குச் சிங்களம் தெரியுமா?"

"கட்டுகஸ்தோட்டையில ஒரு சிங்கள வீட்டுல ஆறு வருஷம் சமையலுக்கு இருந்தேன். நீங்க சொன்னது எல்லாம் வெளங்குச்சு. ஐயா வெல்லணும்னு நாங்க வாழ்த்துனமாமே?"

"அந்த ஆளுங்க இறங்கி வந்ததப் பாத்தீங்கதானே? உங்களுக்கு அடி விழும்னு பயந்துட்டேன்."

"அடி விழுந்திருந்தா எங்களுக்குத்தான் விழுந்திருக்கும். அதுக்குத் துணிஞ்சுதான் வந்தோம். ஆனா எங்க பேச்ச எடுத்து எறிஞ்சிட்டு வேற ஒண்ண வச்சீங்களே, அதுக்கு நாங்க துணியல மிஸ்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பக்கத்து மேசைக்காரர் காகிதம் புரட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் மகள் சுகந்திக்குக் கல்வியியற் கல்லூரியிலிருந்து வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம். கடிதத்தின் திகதியும் தபால் முத்திரையும் சரியாகத்தான் இருந்தன. கந்தோர் ஜன்னலில் கிடந்த நாட்களுக்கு மட்டும் முத்திரை இல்லை. சுகந்தி இப்போது கண்டியில் ஒரு புடைவைக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் மேசையிலிருந்து ஐந்து நிமிட நடை.

"காலைல ஏழு மணிக்குக் கடைக்கு வர்றா. டீச்சரா போக வேண்டிய புள்ள, வர்றவங்களுக்கெல்லாம் சேலைய விரிச்சுக் காட்டுறா" என்றாள் கிருஷ்ணவேணி. பிறகு, "அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அதான் எனக்குத் தாங்கல" என்றாள்.

கூட்டத்துக்குப் பிறகு நடந்ததையும் சொன்னாள். தொழிற்சங்க ஆள் ஒருவர் லயத்துக்கு வந்து, இவர்களை எதிர்க்கட்சி அனுப்பியது என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார். மலையில் வேலை கொடுக்கிறவர், "நாளைக்கு ஒங்களுக்குப் பேரு இல்லன்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். பேர் இல்லையென்றால் அன்றைக்கு வேலையில்லை. நாற்பது பேர் பத்தொன்பதாகிவிட்டார்கள்.

"மத்தவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. வீட்டுல புள்ளைங்க இருக்கு" என்றாள். "இப்ப அடுத்த கட்சிக்காரங்க வந்திருக்காங்க. கம்பளைக் கூட்டத்துக்கு வாங்க, பஸ் அனுப்புறோம்னு. வர்றோம்னு சொல்லிட்டேன்."

"அவங்களுக்கு ஆதரவாவா?"

"பஸ் குடுக்குறாங்க, போறோம். இங்க கேட்டத அங்கயும் கேப்போம். ரெண்டு பேரும் ஓட்டுக் கேக்குறாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதானே?" உறையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "அங்கயும் மேடையில நீங்கதான்னு சொன்னாங்க."

"ஆமா."

"அப்ப சரி" என்றாள். அவ்வளவுதான். சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலை வீட்டில் சோறு போட்டுக்கொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "காய்ச்சல்னு சொல்லிடு. வேற யாரையாவது தேடிக்குவாங்க" என்றார். கம்பளைக் கூட்டத்துக்கு முதல் நாள், தொலைபேசியைக் கையில் எடுத்து எண்ணையும் அழுத்திவிட்டேன். அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுக்குமுன் வைத்துவிட்டேன். என் இடத்தில் வேறொருவர் நின்று அவளுடைய பேச்சை இன்னொரு தடவை மாற்றிச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அது நான் சொன்னதைவிட மோசமாகப் பட்டது.

கம்பளையில் முன்வரிசை

கம்பளையில் மகாவலி ஆற்றுக்குப் பக்கத்துத் திடலில் கூட்டம். பிற்பகல் வெயில் சுள்ளென்று அடித்தது. புகையிரதம் வரும்போதெல்லாம் பேச்சு நின்றது.

ஒலிபெருக்கி அலவத்துகொட நிஸாம் நானாவுடையது. மத்திய மலைநாட்டில் அவருடைய பெட்டிகள் ஏறாத மேடை கிடையாது. என்னைப்போலவே அவருக்கும் கட்சி இல்லை. வயர் போட்டுக்கொண்டே, "மிஸ், இண்டைக்கு உங்கட மைக்குக்கு நீளமான வயர் போட்டீக்கிறன். எங்க வேணுமெண்டாலும் நிண்டு பேசுங்க" என்றார்.

வேட்பாளர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முதலாளி. உரத்த சிரிப்பு, பெரிய கை. பத்தொன்பது பெண்களையும் முன்வரிசையில் வெள்ளைக் கதிரைகளில் உட்கார வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பணிஸ், ஒரு சோடா. ஹேவாஹெட்டயில் எதிராளியை மடக்கிய பெண்கள் என்று அவர்களைக் கூட்டத்துக்குக் காட்ட வேண்டுமென்று ஏற்பாடு.

முதலாளி பேச்சின் நடுவே அதைத்தான் செய்தார். "அந்த அதிபர் முகத்துக்கு நேரே கேள்வி கேட்ட தாய்மார் இவர்கள்! வாருங்கள் அம்மா, அங்கே என்ன நடந்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று கிருஷ்ணவேணியை மேடைக்கு அழைத்தார். தன் மைக்கையே அவள் கையில் கொடுத்தார்.

இன்றைக்கு ஸ்வெட்டர் இல்லை. வெளிறிய நீலச் சேலை. மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினாள், எனக்கு இடம் விட்டு. மேடைப் பேச்சின் கணக்கை அன்று மைதானத்தில் நின்றே கற்றிருக்கிறாள்.

"எங்களுக்கு விலாசம் இல்ல. அந்த ஐயாகிட்டயும் அதத்தான் கேட்டோம்."

சொன்னேன். முதலாளி தலையாட்டினார்.

"உங்ககிட்டயும் அதத்தான் கேக்க வந்தோம்."

சொன்னேன். அவர் தலை பாதியில் நின்றது. கீழே பதினெட்டுப் பெண்களும் எழுந்து உறைகளைத் தூக்கினார்கள்.

"போன தடவ நீங்களும் எங்க டிவிஷனுக்கு வந்தீங்க. எங்க வீட்டுல தண்ணி குடிச்சீங்க. வீட்டு நம்பர் வாங்கித் தர்றேன்னு சொன்னீங்க. அது பொய்."

சொன்னேன். புகையிரதம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மனது நினைத்தது.

கிருஷ்ணவேணி அப்போது என் பக்கம் திரும்பினாள். மைக் வாய்க்கு நேராகவே இருந்தது.

"ஹேவாஹெட்டயில நாங்க கேட்டத இந்த மிஸ் மாத்திச் சொல்லிட்டாங்க. விலாசம் கேட்டா, தபால் கந்தோர்னு சொன்னாங்க. எங்க பேச்சு அந்த ஐயா காதுக்குப் போகவே இல்ல. இன்னைக்கு சரியா சொல்லுவாங்கன்னு நம்புறேன்."

நிறுத்தினாள். எனக்காகக் காத்திருந்தாள்.

தமிழ் விளங்கியவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விளங்காதவர்கள், அவள் என்ன சொன்னாள் என்று என் வாயைப் பார்த்தார்கள். எத்தனையோ வருடமாக மேடையில் நிற்கிறேன், அதுவரை இவளைத் தவிர யாரும் என்னைப் பார்த்ததில்லை. நான் ஒரு குரல் மட்டும்தான். ஏதாவது ஒரு மெல்லிய வாக்கியம் கிடைக்காதா என்று மனது பழக்கதோஷத்தில் தேடியது. கிடைக்கவும் செய்தது.

அதை விழுங்கிவிட்டுச் சிங்களத்தில் சொன்னேன். "ஹேவாஹெட்டயில் இவர்கள் கேட்டதை நான் மாற்றிச் சொன்னேன். விலாசம் கேட்டார்கள். நான் தபால் கந்தோர் என்றேன். இவர்களுடைய பேச்சு அந்த வேட்பாளரிடம் போய்ச் சேரவில்லை. அது என் பிழை. இன்று சரியாகச் சொல்வேன் என்று நம்புகிறார்கள்."

"அது என் பிழை" என்பதை அவள் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கூட்டிச் சொன்னது அது ஒன்றுதான்.

முதலாளியின் ஆள் ஒருவர் நிஸாம் நானாவைப் பார்த்து விரலால் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். நானா வயர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். அதற்குள் கிருஷ்ணவேணி, "குடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நான் அதையும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் மைக்கின் ஒலி நின்றது.

முதலாளி உடனே பைலா ஆட்டப் பாட்டுப் போடச் சொன்னார்.

திரும்பி வந்த வழி

மேடைக்குப் பின்னால் தள்ளுமுள்ளு நடந்தது. பெண்களில் யாருக்கும் பெரிய காயமில்லை. ஒரு தடியன் கிருஷ்ணவேணியின் கையிலிருந்த உறையைப் பிடுங்கி நான்காகக் கிழித்துப் போட்டான். அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். அந்த ஆள் எங்கள் இருவருடைய விரல்களுக்கும் நடுவில் செருப்புக் காலை வைத்துக்கொண்டு நின்றான். அவன் காலை எடுக்கும்வரை அவள் அப்படியே குந்திக்கொண்டிருந்தாள்.

கூட்டிவந்த பஸ் போய்விட்டது. பத்தொன்பது பேரும் நானும் கம்பளை பஸ் நிலையத்துக்கு நடந்தோம். நிஸாம் நானா லொறியோடு எங்களைக் கடந்தபோது வேகத்தைக் குறைத்து, "வயர் பழசு மிஸ். சுவிச் எங்க ஈக்கெண்டே தெரியல்ல" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கட்சி அவரையும் கூப்பிடவில்லை என்று கேள்வி.

கண்டி பஸ்ஸில் கிருஷ்ணவேணிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே மகாவலி கூடவே வந்துகொண்டிருந்தது. பஸ் கெலிஓயாவைத் தாண்டியது.

"நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள் பிறகு. "ஒரு எடத்துல மட்டும் வழுக்கிட்டீங்க."

"எங்க?"

"நான் ‘பொய்’னு சொன்னேன். நீங்க சிங்களத்துல ‘தவறு’ன்னு போட்டீங்க."

நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. "பழக்கம்" என்றேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் பார்த்தும் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்டி பஸ் நிலையத்தில் கடை முடிந்து சுகந்தி அம்மாவுக்காக நின்றிருந்தாள். மெலிந்த பெண், அம்மாவின் அதே நெற்றி. கிழிந்த துண்டுகளை அம்மா கையில் கொடுத்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அந்த இன்டர்வியூதான் எப்பவோ முடிஞ்சு போச்சேம்மா" என்று சொல்லி, துண்டுகளைத் தன் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்தாள். பிறகு அம்மாவின் தோளில் கை போட்டு ஹேவாஹெட்ட பஸ்ஸை நோக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

மல்லிகா வீதி

வாக்களிப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த இடைவெளியில் பெண்கள் வேறு யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார்கள். கோயிலுக்கு வாங்கி மிஞ்சிய நீலப் பெயின்றை எடுத்து, இரண்டு லயத்திலும் இருந்த இருபத்துநான்கு வாசல்களிலும் எண் எழுதினார்கள். லயத்துக்கு முன்னால் ஓடும் மண்பாதைக்குப் பெயர் வைக்கப் பெரிய விவாதம் நடந்ததாம். சாமி பெயர், தலைவர் பெயர் எல்லாம் வந்து போய், கடைசியில் மல்லிகா வீதி என்று முடிவானது. கிருஷ்ணவேணிதான் அந்தப் பெயரைச் சொன்னாளாம். "ரெண்டு பாஷையிலயும் ஒரே பேரு. யாரும் மாத்திச் சொல்ல முடியாது" என்று காரணமும் சொல்லியிருக்கிறாள். அதை என்னிடம் சொன்னவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

தோட்ட நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து அழிக்கச் சொன்னார். நாளைக்கு அழிக்கிறோம் என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள்.

தேர்தல் முடிந்தது. இருவரில் ஒருவர் வென்றார். யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. இரண்டு கட்சியும் அதன்பிறகு எனக்கு அழைப்பு எடுக்கவில்லை. முதல் சில நாட்கள் மனது சங்கடப்பட்டது. பிறகு தொண்டை தேறியதைக் கவனித்தேன்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை. கிருஷ்ணவேணியும் இன்னும் மூன்று பெண்களும் என் மேசைக்கு வந்தார்கள். மடியிலிருந்து ஒரு கட்டு உறைகளை எடுத்து அடுக்கினார்கள். இருபத்துநான்கு. தடித்த, வழுவழுப்பான உறைகள். வென்றவர் தன் தொகுதி வாக்காளர்களுக்கு அனுப்பிய புத்தாண்டு வாழ்த்து. அவருடைய முத்திரையைப் பார்த்ததும் அவர்கள் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஜன்னலில் போடாமல் அன்றைக்கே ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

"விலாசத்தப் பாருங்க மிஸ்" என்றாள்.

சிங்களத்தில் அச்சடித்திருந்தது. பெயர். இலக்கம் பதினான்கு. மல்லிகா வீதி. தேர்தலுக்கு முந்திய கிழமை வீடு வீடாக வந்த கட்சிக்காரர்கள், வாசலில் நீலப் பெயின்றில் இருந்ததை அப்படியே தங்கள் பட்டியலில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்குமே பதியப்படாத ஒரு விலாசத்துக்கு, கேட்டபோது கொடுக்காத கட்சி ஒன்று, முத்திரை குத்திக் கடிதம் அனுப்பியிருந்தது.

"இத வச்சு பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதணும். இவங்களே இந்த விலாசத்த ஏத்துக்கிட்டாங்கன்னு போடுங்க. நம்பர் இல்லன்னு இனி எப்பிடிச் சொல்லுவாங்க?"

அந்த விண்ணப்பம் எத்தனை மேசை ஏறி இறங்கியது, எத்தனை தடவை அவர்கள் வேலையை விட்டு அலைந்தார்கள் என்பதெல்லாம் நீண்ட கதை. மல்லிகா வீதி இன்று கிராம உத்தியோகத்தரின் பதிவேட்டில் இருக்கிறது. தபால்காரர் லயம்வரை ஏறி வருகிறார், மூச்சிரைக்கத் திட்டிக்கொண்டுதான். சுகந்திக்குக் கல்லூரி வயது கடந்துவிட்டது. டிவிஷனில் சிறுவர் பாடசாலை ஒன்று நடத்துகிறாள். அதில் அவளுக்கு முழு நிறைவு என்று நான் சொல்லமாட்டேன். கேட்டால், "பரவால்ல மிஸ்" என்பாள்.

அன்றைக்கு மேசையில் நான் படிவத்தை விரித்தேன். கிருஷ்ணவேணி ஒவ்வொரு உறையாகப் பிரித்து, உள்ளே இருந்த வாழ்த்து அட்டைகளை உருவி என் பக்கம் தள்ளினாள். சிரித்த முகங்கள் இருபத்துநான்கு குவிந்தன.

"அட்டைய நீங்க வச்சுக்கங்க மிஸ். எங்களுக்கு உறை போதும்."

பேனாவைத் திறந்து, முதல் கட்டத்தில் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம் விலாசம். வழக்கம்போல, "சொல்லுங்க" என்றேன். அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, இலக்கத்தையும் வீதியையும் தோட்டத்தையும் ஊரையும் சிங்களத்திலேயே, ஒவ்வொரு எழுத்தாக, நான் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.